குழி தோண்டும் முன்னே அளந்து பார்ப்போம்



போன இரண்டு மாதமாக ராயகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போதெல்லாம், சேமிப்பு, கடன் பேச்சு முடிந்ததும் ஒரே கேள்விதான் வருகிறது. மாடு வைத்திருக்கிற உறுப்பினர்கள் குழுக் கடன் போட்டு கோபர் கேஸ் கட்டலாமா என்று கேட்கிறார்கள். "எக்கா, எங்க கொல்லையில நாங்க கெட்டுதோம், இதுக்குப் போயி யார்ட்ட கேக்கணும்?" என்றார் ஒரு உறுப்பினர். பக்கத்தில் இருந்தவர் உடனே, "ஒங்க கொல்லைக்கு அந்தப் பக்கந்தான எங்க கெணறு இருக்கு மதினி" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த மாதப் பாடமே அதுதான்.

கலன் கட்டிய பிறகு அடுப்பு சரியில்லை என்றால் மாற்றலாம். குழாய் ஒழுகினால் மாற்றலாம். இடம் தப்பாகிவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. மண்ணுக்குள் செங்கல் வைத்துக் கட்டியதைத் தூக்கி நகர்த்த வழியில்லை. அதனால் எங்கே கட்டலாம், எங்கே கூடாது, யாரிடம் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் கடன் விண்ணப்பம் எழுதும் முன்னே பேசி முடிக்க வேண்டும். நம் கொல்லையில் நாம் கட்டும் சின்னக் கலனுக்கு ஒரு மாதிரி விதி. நம் தெருவுக்குப் பக்கத்தில் வேறு யாரோ கட்டும் பெரிய நிலையத்துக்கு வேறு மாதிரி விதி. இரண்டையும் பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இட்லி மாவைக் கரைத்து மூடி வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது இல்லீங்களா? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. சாணத்தையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கரைத்து, காற்று புகாமல் மூடி வைத்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாக மாற்றுகின்றன. அந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். அதுதான் எரிகிறது. மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. இந்தக் கொஞ்சத்தைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

1950-களில் ஜஷ்பாய் படேல் என்பவர் இரும்பு டிரம் மிதக்கும் மாதிரியை உருவாக்கினார். கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதை எடுத்துக்கொண்டு 1960-களில் நாடு முழுக்கப் பரப்பியது. டிரம் துருப்பிடித்தது, விலையும் கூடியது. 1984-இல் அஃப்ரோ என்ற நிறுவனம் 'தீனபந்து' என்ற பெயரில் செங்கல் கூண்டு மாதிரியைக் கொண்டு வந்தது. இப்போது நம் பக்கம் கொத்தனார்கள் கட்டுவது பெரும்பாலும் இந்தக் கூண்டுதான். முழுவதும் மண்ணுக்குள் இருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இடம் பற்றிய கவலை இதனால்தான் கூடுகிறது, குறைவதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்குச் சமைக்க 2 கனமீட்டர் கலன் போதும். அதற்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும், அதாவது நாலைந்து மாடு. நன்றாக ஓடினால் ஒரு சிலிண்டரில் வருகிற எரிவாயு ஏறக்குறைய 16 நாளில் கிடைத்துவிடும். இது லாபக் கணக்கு. இதை எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. 50 கிலோ சாணத்தோடு 50 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் தினமும் 100 லிட்டர் உள்ளே போகிறது. நம் ஊர் வெயிலுக்கு அது 30 முதல் 40 நாள் உள்ளே இருக்க வேண்டும். அப்படியென்றால் எந்த நேரமும் மூவாயிரம், நாலாயிரம் லிட்டர் சாணக் கரைசல் உங்கள் கொல்லை மண்ணுக்குள் நிற்கிறது. தினமும் உள்ளே போகிற அளவுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு ஸ்லரி வெளியே வருகிறது. மாதத்துக்கு 3,000 லிட்டர்! அது எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் குழி தோண்டக் கூடாது.

ஒரு மாடு, ரெண்டு மாடு வைத்திருப்பவர்கள் 2 கனமீட்டர் கட்ட ஆசைப்பட வேண்டாம். சாணம் பத்தாமல் கலன் பட்டினி கிடக்கும், கூண்டு வெடிப்பு விடும். 1 கனமீட்டருக்கே தினம் 25 கிலோ சாணம் வேண்டும்.

மூணு சேலை தூரம்

வீட்டளவுக் கலன் கட்டுவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1989-இலேயே நடைமுறை விதி போட்டிருக்கிறது. கட்டுமானப் பயிற்சியில் இடம் பற்றிச் சொல்லிக் கொடுப்பதை எங்கள் வார்த்தையில் சொல்கிறோம்.

முதலில் குடிதண்ணீர். கிணறு, போர், அடிபம்பு எதுவானாலும் கலனிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 15 மீட்டர் என்றால் 50 அடி. டேப் இல்லையே என்று சொல்ல வேண்டாம். ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம். மூன்று சேலையை முனையோடு முனை வைத்து விரித்தால் பதினாறரை மீட்டர் வரும். கிணற்றிலிருந்து மூணு சேலை விரிக்க இடம் இருந்தால் மேலே பேசலாம். இடம் இல்லையென்றால் அந்தக் கொல்லையில் மண்ணுக்குள் கட்டும் கலன் வேண்டாம். உங்கள் கிணறு மட்டும் கணக்கில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிணறும் கணக்குதான். மண்ணுக்கு அடியில் வேலி கிடையாது. கக்கூஸையும் கலனோடு இணைக்க நினைப்பவர்கள் இந்த அளவில் ஒரு அடி கூடக் குறைக்கக் கூடாது.

அடுத்தது வீட்டுச் சுவர். அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 2 மீட்டர், ஆறேழு அடி தள்ளித்தான் குழி வெட்ட வேண்டும். குழி வெட்டும்போதே மண் சரிந்து சுவர் இறங்கிய வீடுகள் உண்டு. பழைய மண்சுவர் வீடு என்றால் இன்னும் தள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இதே அளவுதான்.

அதே சமயம் ரொம்பத் தூரமும் ஆகாது. அடுப்புக்கும் கலனுக்கும் நடுவில் குழாய் 20 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. நீளம் கூடக் கூட அழுத்தம் குறைந்து தீ சுரத்தில்லாமல் எரியும். குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு அடைக்கும். மாட்டுத் தொழுவமும் பக்கத்திலே இருக்க வேண்டும். இல்லையென்றால் தினம் 50 கிலோ சாணம் சுமப்பது யார்? நாம்தான். கொத்தனார் சுமக்கப் போவதில்லை, வீட்டு ஆண்களும் சுமந்து நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

வெயில் படுகிற இடமாகப் பார்க்க வேண்டும். சூடு குறைந்தால் வாயு குறையும். வேம்பு, பூவரசு, தென்னை பக்கத்தில் இருந்தால் தள்ளிப் போங்கள். வேர் ஈரத்தைத் தேடி வரும், கூண்டைத் துளைக்கும். டிராக்டர், மாட்டு வண்டி போகிற தடத்துக்குக் கீழேயும் கட்டக் கூடாது.

ஸ்லரிக் குழிக்கு இடம் விட மறந்துவிட்டுப் பிறகு தெருச் சாக்கடையில் திறந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு குழி வெட்டி, ஒன்று நிறையும்போது மற்றதில் காய்ந்த சருகு போட்டு மாற்றி மாற்றி விட்டால் நல்ல உரம். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடும் பக்கமாக, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் அந்தக் குழிகள் அமைய வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் குழியைச் சுற்றி அடைப்பு கட்டாயம். மேலே சருகு மூடிக் கிடந்தால் தரை மாதிரியே தெரியும்.

சித்திரையில் பார்த்த இடம், கார்த்திகையில் வேறு

மலையடிவாரத்து ஊரில் இருக்கிற நமக்கு இது ரொம்ப முக்கியம். கட்டட வேலை எல்லாமே பெரும்பாலும் கோடையில்தான் நடக்கும். சித்திரையில் குழி வெட்டினால் எட்டடி ஆழத்திலும் மண் காய்ந்து கிடக்கும். அருமையான இடம் என்று கொத்தனார் சொல்லிவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, குளம் பெருகி, கிணற்றில் கைக்கெட்டும் தூரத்துக்குத் தண்ணீர் ஏறும்போது அதே எட்டடி ஆழம் தண்ணீருக்குள் நிற்கும். கூண்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும், உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும்.

நாங்கள் முன்பு வேலை பார்த்த வேறொரு வட்டாரத்தில் இப்படி நடந்தது. தொழுவத்துக்குப் பக்கம் என்று பார்த்து, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு இருபதடி தூரத்தில் கலன் கட்டினார்கள். கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை, அடுப்பு நன்றாக எரிந்தது. கார்த்திகையில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி வாடை வந்தது. கலனை நிறுத்த வேண்டியதாயிற்று. வாயு நின்றது, கடன் தவணை நிற்கவில்லை. இரண்டு வீடும் ஒரே குழுவில் உறுப்பினர்கள். ஒருவர் கூட்டத்துக்கு வந்தால் மற்றவர் வர மாட்டார். அந்தக் குழுவை மறுபடி ஒன்றாக உட்கார வைக்க ஒன்றரை வருடம் ஆனது.

அதனால் இடம் பார்க்கும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: நல்ல மழை வருஷத்தில் இந்தக் கிணற்றில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது? இந்தக் கொல்லையில் மழைத் தண்ணீர் எங்கே தேங்கும்? பாட்டிமார் சொல்கிற பதில் எந்தக் கருவியை விடவும் நம்பகமானது என்பது எங்கள் அனுபவம்.

மாடு இல்லாதவர்களும் கேட்கிறார்கள். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் 'சக்தி சுரபி' என்ற பெயரில் சமையலறைக் கழிவில் ஓடும் கலனைப் பரப்பியிருக்கிறது. பழைய சோறு, கழனித் தண்ணீர், காய்கறித் தோல் போடலாம். ஒரு எச்சரிக்கை, அதுவும் நம் பக்கத்துக்கே உரியது: புளியங்குடி சந்தையில் வீணாகும் எலுமிச்சை சும்மா கிடைக்கிறதே என்று மூட்டையாகக் கொண்டு வந்து கொட்டிவிடாதீர்கள். புளிப்பும் தோலில் உள்ள எண்ணெயும் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

விளக்கை இறக்கிப் பார்க்காதீர்கள்

இது கட்டட விதி இல்லை, உயிர் விதி. நம் ஊரில் பழைய கிணற்றைத் தூர் வாரும் முன்னே விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்துவிட்டால் இறங்க மாட்டார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் கிணற்றோடு அது நிற்கட்டும். கோபர் கேஸ் தொட்டிக்குள் விளக்கு இறக்கினால், மீத்தேன் காற்றோடு நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு கலந்திருந்தால் போதும், வெடித்துவிடும்.

அழுகிய முட்டை வாயுவைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? நாற்றம் அடித்தால் வெளியே வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போகும், நாற்றமே தெரியாது. அடுத்து மயக்கம். ஒருவர் விழுந்ததும் காப்பாற்றப் போன அண்ணன், தம்பி என்று ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து செத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். யார் விழுந்தாலும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. 101, 108, 112 மூன்றில் ஒன்றுக்கு உடனே போன் செய்யுங்கள். தூர் எடுக்க, வெடிப்பு பார்க்க என்று எதற்காகவும் வீட்டு ஆளை உள்ளே அனுப்பாதீர்கள். பயிற்சியும் மூச்சுக் கருவியும் உள்ள ஆட்களின் வேலை அது. இடம் தேர்வு செய்யும்போதே கலனின் வாய் திறந்த வெளியில் இருக்கும்படி பார்க்க வேண்டும். சாய்ப்புக்குள், கூரைக்கடியில் வைத்தால் கசிகிற வாயு அங்கேயே தங்கும்.

நம் கொல்லைக் கலனுக்கு யாரிடம் கேட்பது?

வீட்டுக்கு என்று கட்டும் கலன் தொழிற்சாலை கணக்கில் வராது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் மூன்று விஷயம் பாருங்கள்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது? பட்டா கணவர் பெயரில், மாமனார் பெயரில், கூட்டுப் பட்டாவில் என்று இருக்கும். கடன் மட்டும் நம் பெயரில். நாளை பாகப்பிரிவினையில் அந்த மூலை கொழுந்தனுக்குப் போனால்? வீட்டில் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்து, புறம்போக்கிலோ ஓடைக் கரையிலோ குளத்துக் கரையிலோ கட்டவே கூடாது. நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-இலிருந்து இருக்கிறது. குளங்களைப் பாதுகாக்க 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இடித்துவிட்டால் கேட்க முடியாது. மூன்றாவது, ராயகிரி பேரூராட்சி என்பதால் செயல் அலுவலரிடம் ஒரு வெள்ளைத் தாளில் இடத்தின் படம் வரைந்து கொடுத்து, அனுமதி ஏதாவது தேவையா என்று கேட்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள். பக்கத்துக் கிராம ஊராட்சிகளில் இருப்பவர்கள் ஊராட்சி மன்றத்தில் கொடுக்க வேண்டும்.

அரசு மானியம் 1981-82-இல் தேசியத் திட்டமாகத் தொடங்கியது, பிறகு பல பெயர்களில் வந்திருக்கிறது. தொகையும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும். புரோக்கர் சொல்கிற தொகையை நம்பிக் கடன் போடாதீர்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் பார்த்த பிறகு கணக்குப் போடுங்கள்.

பெரிய நிலையம் வந்தால்?

குப்பை, சந்தைக் கழிவு, கோழிக் கழிவு, ஆலைக் கழிவு இவற்றிலிருந்து டன் கணக்கில் எரிவாயு எடுக்கும் நிலையங்கள் தமிழ்நாட்டில் வந்துகொண்டிருக்கின்றன. 2018-இல் மத்திய அரசு 'சதத்' என்ற திட்டத்தில் அழுத்தி அடைத்த எரிவாயுவை எண்ணெய் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்த பிறகு இது வேகமெடுத்தது. நாமக்கல் மாவட்டத்தில் புதுச்சத்திரத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவில் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2000-களின் நடுவிலேயே கட்டப்பட்டது. இடையில் அது நின்று போன காலங்களும் உண்டு. நிலையம் நின்றாலும் கழிவு வருவது நிற்காது, அப்போது அது எங்கே கிடக்கும் என்பதுதான் பக்கத்தில் குடியிருப்பவர்களின் கேள்வி.

நாங்கள் இந்த மாதிரி நிலையங்களுக்கு எதிரி இல்லை. சாணமும் குப்பையும் சும்மா கிடந்து நாறுவதை விட எரிவாயு ஆவது எவ்வளவோ மேல். ஆனால் எங்கே, எவ்வளவு பெரிதாக, யார் பொறுப்பில் என்று கேட்பது எதிர்ப்பு ஆகாது.

முதலில் நிலம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. முழுமைத் திட்டம் உள்ள ஊர்களில் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலம் பிரிக்கப்பட்டிருக்கும். தொழில் நிலையத்தைக் குடியிருப்புப் பகுதியில் நினைத்தபடி வைக்க முடியாது. முழுமைத் திட்டம் இல்லாத ஊர்களில் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, 2017-ஆம் வருடத்து விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். ஆகவே முதல் கேள்வி சர்வே நம்பர். எந்த சர்வே நம்பர், நஞ்சையா புஞ்சையா, மாற்ற அனுமதி வாங்கியாயிற்றா?

இரண்டாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தொழில்களை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறார்கள். கழிவைச் சுத்தம் செய்யும் அத்தியாவசிய சேவைகளுக்காக 2025-இல் நீலம் என்று ஒன்றும் சேர்ந்தது. வெள்ளைக்குத் தகவல் சொன்னால் போதும். மற்ற நிறத்துக்கு இரண்டு இசைவாணை வேண்டும்: கட்டும் முன்னே நிறுவ இசைவாணை, ஓட்டும் முன்னே இயக்க இசைவாணை. 1974-ஆம் வருடத்துத் தண்ணீர்ச் சட்டமும் 1981-ஆம் வருடத்துக் காற்றுச் சட்டமும் இதைச் சொல்கின்றன. நாம் கேட்க வேண்டிய நேரம் முதல் இசைவாணைக்கு முன். சுவர் எழும்பிய பிறகு, இவ்வளவு பணம் போட்டுவிட்டார்களே என்று எல்லோருக்கும் இரக்கம் வந்துவிடும்.

மூன்றாவது, இடைவெளி. ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "குப்பை நிலையம் வீட்டுக்கு 200 மீட்டருக்குள்ள வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கே" என்று சிலர் சொல்கிறார்கள். 2016 திடக்கழிவு விதிகளில் அந்த 200 மீட்டர் குப்பையைப் புதைக்கும் கிடங்குக்குச் சொல்லப்பட்டது, எரிவாயு நிலையத்துக்கு இல்லை. கழிவைப் பதப்படுத்தும் நிலையம் நாளுக்கு 5 டன்னுக்கு மேல் என்றால் சுற்றிலும் இடைவெளிப் பகுதி விட வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2026-இல் வந்த புதிய விதிகளிலும் 5 டன்தான் கோடு. அந்த இடைவெளியை நிலையத்துக்கு ஒதுக்கிய நிலத்துக்குள்ளேயே விட வேண்டும், நம் பட்டா நிலத்தில் இல்லை. ஆகவே 4.9 டன் என்று யாராவது விண்ணப்பித்தால் ஏன் என்று கேளுங்கள்.

விதியில் இல்லாத ஒன்றும் இருக்கிறது: காற்று. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கம் வெறும் பேச்சில்லை. ஆனி, ஆடியில் மலையிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று நிலையத்துக்குக் கிழக்கே உள்ள தெருவுக்கு நாற்றத்தை அப்படியே கொண்டு வரும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று எதிர்ப்பக்கம் கொண்டு போகும். அதிகாரிகள் இடம் பார்க்க வரும் நாளில் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அதை மட்டும்தான் அவர்கள் அறிவார்கள். பன்னிரண்டு மாதக் காற்றும் தெரிந்தது நமக்குத்தான். அதை எழுதிக் கொடுங்கள்.

ஆபத்து எல்லாம் நம் ஊரில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கம் கேசிங்டன் என்ற ஊரில் உணவுக் கழிவில் எரிவாயு எடுக்கும் நிலையத்தில் 2023 அக்டோபர் 2-ஆம் தேதி இடி விழுந்து தொட்டிகள் வெடித்தன. வானமே வெளிச்சமானது. யாருக்கும் காயம் இல்லை. ஐப்பசி இடி மின்னலைப் பார்த்த நமக்கு, இடிதாங்கி உண்டா என்று கேட்க இந்த ஒரு செய்தி போதும். வாயுவை அழுத்தி சிலிண்டரில் அடைப்பதென்றால் நாக்பூரில் தலைமையகம் உள்ள வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமமும் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

சட்டம் யார் பக்கம்?

வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளால் பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகள் கெட்டபோது ஊர் மக்கள் சங்கம் வைத்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996-இல் வந்த அந்தத் தீர்ப்பு நமக்கு இன்றும் உதவும். கெடுதல் வருமோ என்ற நியாயமான அச்சம் இருந்தால் வரும் முன்னே தடுக்க வேண்டும், என் தொழிலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்கிறவருடையது, கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. கிணறு கெடும் என்று நாம் விஞ்ஞானி மாதிரி நிரூபிக்கத் தேவையில்லை.

மத்தியப் பிரதேசம் ரத்லாம் நகர மக்கள் சாக்கடை நாற்றம் தாங்காமல் வழக்குப் போட்டார்கள். பணம் இல்லை என்றது நகராட்சி. பணமில்லை என்பது பதில் ஆகாது என்று 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். அவர்கள் பயன்படுத்தியது பொதுத் தொல்லையை நீக்கும் பிரிவு. பழைய சட்டத்தில் 133, 2024 ஜூலை முதல் வந்த புதுச் சட்டத்தில் 152. வக்கீல் வைத்துப் பெரிய கோர்ட்டுக்குப் போகும் முன்னே கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கும் வழி இது.

ஊருக்கே பொதுவாக ஒரு கலன் வைத்து நன்றாக நடந்த இடமும் உண்டு. கர்நாடகா தும்கூர் மாவட்டத்தில் புரா என்ற சின்ன ஊர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஏ.கே.என். ரெட்டி குழுவினர் முதலில் எல்லா வீட்டுக்கும் சமையல் எரிவாயு என்று திட்டம் போட்டார்கள். சாணம் பத்தவில்லை. பிறகு ஊரிடம் கேட்டார்கள். குடிதண்ணீர் வேண்டும் என்றது ஊர். 1987-இல் அந்த வாயுவில் எஞ்சின் ஓட்டி, தண்ணீர் இறைத்து, வீடுகளுக்கு விளக்கும் எரித்தார்கள். சாணம் கொண்டு வந்தவர்களுக்குக் காசு கொடுத்தார்கள், ஸ்லரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதலிலேயே ஊரிடம் கேட்டிருந்தால் ஒரு சுற்று மிச்சமாகியிருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது?

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு வருடத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சியில் 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபாவும் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆன பிறகு இதற்குத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

வாயால் கேட்டது காற்றோடு போகும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் 10 ரூபாய் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். "நாற்றம் வருமா?" என்று கேட்டால் "வராது" என்று பதில் வரும். கேள்வியை இப்படி எழுதுங்கள்: சர்வே நம்பர் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை டன், என்ன கழிவு, எந்த ஊரிலிருந்து, லாரி எந்தத் தெரு வழியாக வரும், ஸ்லரி எங்கே போகும், இயந்திரம் நின்றால் வந்த கழிவை என்ன செய்வார்கள், எந்த நிற வகை, நிறுவ இசைவாணையின் நகல் தருக. கையெழுத்துப் போடத் தெரிந்த பத்துப் பேர் தனித்தனியாக அனுப்புவதை விட, ஒரே கேள்வித்தாளை கூட்டமைப்பு அலுவலகத்தில் காட்டி ஒழுங்கு செய்து ஒருவர் பெயரில் அனுப்பினால் பதிலைப் பின்தொடர்வது சுலபம். மாதிரி விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்கிறது, ஊக்குநர்கள் வாங்கிப் போகலாம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

கலன் கட்ட விண்ணப்பித்திருக்கும் உறுப்பினர் வீட்டிலேயே அடுத்த மாதக் கூட்டத்தை வையுங்கள். பக்கத்து வீட்டு மதினியையும், குழுவில் இல்லாவிட்டாலும் சரி, கூப்பிடுங்கள். கலன் வரும் இடத்தில் ஒரு கல்லை நட்டு, அங்கிருந்து எல்லாக் கிணறுக்கும், எல்லாச் சுவருக்கும் சேலை விரித்து அளந்து, அளவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அந்த மதினியிடமும் கையெழுத்து வாங்குங்கள். மூணு சேலை விரிக்க இடம் பத்தவில்லையென்றால் அந்த விண்ணப்பத்துக்குக் கடன் ஒப்புதல் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்று அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள்.